கல்லறைத் தோட்டத்தில் நான்கு மாதச் சுண்ணாம்பு வேலை

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. ஊருக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி எங்கள் கிறிஸ்தவச் சபையின் கல்லறைத் தோட்டம். முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு முதல் நாள் ஆள் விட்டு முள் வெட்டி, வெள்ளையடித்து, மறுநாள் சாயங்காலம் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் குடும்பம் குடும்பமாகப் போவோம். ஆயர் ஜெபம் பண்ணி முடித்ததும் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவோம். எனக்கு விவரம் தெரிந்த நாளாக இதுதான் வழக்கம்.

போன வருஷம் அப்பத்தாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, ஊன்றிய கையை எடுத்தேன். பக்கவாட்டுப் பூச்சு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பெயர்ந்து கீழே விழுந்தது. உள்ளே செங்கல் செங்கலாக இல்லை, மாவாகக் கிடந்தது. விரல் பட்டாலே கொட்டியது.

அந்தப் பூச்சு நான் பூசியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கிடப்பதைப் பார்க்க மனசு கேட்காமல் இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கி, சித்தப்பாவும் நானுமாகப் பூசினோம். பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்து இன்னும் ஏழெட்டுக் குடும்பங்கள் அதே மாதிரி பூசின. அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தியோடு ஒவ்வொன்றாகப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். சிமெண்ட் பூசிய எல்லாம் வெற்றுச் சத்தம் கொடுத்தன. யாரும் கை வைக்காத நூறு வருஷத்துக் கல்லறைகள் பாசி ஏறிக் கறுத்திருந்தாலும் கெட்டியாக நின்றன. அக்கறையாகச் செய்ததுதான் கெடுத்திருக்கிறது என்று தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

இங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து டாட், ஹாய்சிங்டன் என்ற இரண்டு அமெரிக்கப் பாதிரிமார் மதுரைக்கு வந்து மிஷனைத் தொடங்கினார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று அது பரவியது. கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். காய்ச்சலும் காலராவும் பாதிரிமார் வீடுகளில் அடிக்கடி சாவைக் கொண்டுவந்தன. அதனால்தான் 1845இல் மலை மேல் இரண்டு பங்களாக்கள் கட்டிக் கோடைக்கு அங்கே போய்த் தங்க ஆரம்பித்தார்கள். இன்றைய கோடைக்கானல் அப்படி உண்டானதுதான். மலைக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்லக் கடிதங்களும் அறிக்கைகளும் இருக்கின்றன. கீழே இந்த வெயிலில் பள்ளிக்கூடம் நடத்திய உபதேசியார்களுக்கும் (ஊர்ச் சபையில் வேதம் சொல்லிக் கொடுத்தவர்கள்) வாத்தியார்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும், பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்கும், ஊர் ஊராக மருந்துப் பெட்டி தூக்கிப் போன கம்பவுண்டருக்கும் இருப்பது இந்தத் தோட்டத்துக் கல் மட்டும்தான். அந்தக் கல்லிலும் எழுத்து அழிந்துவிட்டால் அவர்கள் இருந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

நவம்பர் கடைசியில் சேகரக் குழுவில், அதாவது இந்த வட்டாரச் சபைகளின் நிர்வாகக் குழுவில், பேசி அனுமதி வாங்கினோம். ஆயர் இரண்டு நிபந்தனை வைத்தார். எந்தக் கல்லறையைத் தொட்டாலும் அந்தக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். குடும்பம் இல்லாத கல்லறைக்குச் சபை சம்மதம் வேண்டும். இரண்டு ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்கள். மதுரை, சிவகாசி, சென்னை என்று போய்விட்டவர்களுக்குப் போனில் சொன்னோம். ஒருவர்கூட மறுக்கவில்லை. இந்த வேலையை எடுக்க நினைப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு குடும்பத்துக்கு அங்கே படுத்திருப்பது அவர்கள் தாத்தா. நமக்கு அது பழைய கட்டடமாகத் தெரிந்துவிடக் கூடாது.

அப்புறம் கணக்கெடுப்பு. ஒவ்வொரு கல்லறைக்கும் தலைமாட்டில் ஒரு மூங்கில் குச்சி, குச்சியில் எண். நோட்டில் அளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, என்ன பூச்சு, எழுத்து உண்டா, எந்தக் கல் என்று எழுதினோம். கட்டடமாகவோ கல்லாகவோ தெரிந்தவை 71. எழுத்துள்ள கல் 34. வெறும் கண்ணால் முழுசாக வாசிக்க முடிந்தது 19தான். வேலைக்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டோம். பிற்பாடு பல இடத்தில் அந்தப் படம்தான் கை கொடுத்தது.

முள் வெட்டுவதற்கு ஒருவர் ஜேசிபி அனுப்புகிறேன் என்றார். அரை நாளில் முடிந்துவிடும். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் தெற்கு ஓரத்தில் கல்லே இல்லாத சின்னச் சின்ன மேடுகள் ஒரு வரிசை இருக்கிறது. ஊரில் அதைப் பஞ்சக்குழி என்பார்கள். சக்கரம் ஏறினால் அந்த மேடு தரையோடு போய்விடும். அதனால் அரிவாளும் மண்வெட்டியும்தான். சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க ஆசையாக இருக்கும். கல்லறைக்குள் வேர் போயிருந்தால் பிடுங்கும்போது கட்டடமும் சேர்ந்து வரும். அங்கெல்லாம் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டுத் துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளிக்கொண்டே இருப்பதுதான் வழி. வெட்டிய முள்ளை உள்ளே எரிக்கவும் விடவில்லை. சூட்டில் கல் விரிசல் விடும். வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோய்ப் போட்டோம்.

கல் கழுவும் வேலைக்கு என் அக்கா மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் நாலு பேரும் வந்தார்கள். முதல் நாளே ஒரு இரும்புக் கம்பி பிரஷ்ஷோடு வந்து நின்றார்கள். அதை வாங்கி வைத்துவிட்டேன். கம்பி பிரஷ் பாசியோடு சேர்த்து எழுத்தின் விளிம்பையும் தின்னும். நாங்கள் பயன்படுத்தியது துணி துவைக்கும் மெத்தென்ற நைலான் பிரஷ், மூங்கிலைச் சீவிச் செய்த தட்டைக் குச்சி, வெறும் தண்ணீர். சோப்புத் தூள், பிளீச்சிங், ஆசிட் எதுவும் கிடையாது. போர் தண்ணீர் எங்கள் பக்கம் உப்பு. அது கல்லுக்குள் இறங்கிக் காய்ந்தால் உப்புப் பூத்துக் கல் பொரியும். கண்மாயில் அந்த வருஷம் தண்ணீர் இருந்தது தேவ கிருபை. அதைத் துணியில் வடிகட்டி டிரம்மில் நிரப்பிக்கொண்டோம்.

முதலில் கல்லை நன்றாக நனைத்து அரை மணி நேரம் விட வேண்டும். பாசி ஊறி வீங்கும். அப்புறம் கீழிருந்து மேலே தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த இடத்தில் வழிந்து கோடு விழுந்துவிடும். ஒரே நாளில் வெள்ளையாக்க வேண்டும் என்று அவசரப்படக் கூடாது. மூன்று தடவை, வாரத்துக்கு ஒரு தடவை என்று கழுவினோம். கருங்கல்லில் பிடித்திருந்த காளான் படைகளில் சில மூன்று தடவைக்கும் போகவில்லை. விட்டுவிட்டோம். எழுத்து தெரிந்தால் போதும்.

சலவைக்கல் ஒன்று மட்டும் எங்களைக் கலங்க வைத்தது. ஒரு தலைமையாசிரியருடையது. சில வருஷத்துக்கு முன்னால் சுத்தம் பண்ணக் கூலிக்கு வந்த யாரோ பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைதான். ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். மேல் பளபளப்பு முழுக்கப் போய்ச் சர்க்கரைக் கட்டி மாதிரி சொரசொரப்பாகிவிட்டது. வெட்டிய எழுத்தின் ஆழம் பாதியாகக் குறைந்துவிட்டது. போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தண்ணீரில் கழுவி, இருக்கும் எழுத்தைப் படித்துப் பதிவு செய்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

வாசிப்பதற்கு நாங்கள் கண்டுகொண்ட நல்ல வழி, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடிப்பது. இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடித்தால் பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்து எழுந்து நிற்கும். பகலில் என்றால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிப் பக்கத்திலிருந்து அடிக்க வேண்டும். மாவு பூசிப் படிப்பதை ஊரில் பழக்கமாக வைத்திருக்கிறார்கள். அது வேண்டாம். மாவு பள்ளத்தில் தங்கிப் பூசணம் பிடிக்கும்.

டிசம்பரில் ஒரு ராத்திரி, பஞ்சக்குழிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்த கருங்கல் பலகையைக் கழுவி டார்ச் அடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மகன் மண்டியிட்டு விரலால் தடவித் தடவி வாசித்தான்.

"மாமா, இனிஷியல் மாதிரி இருக்கு. க, அ, எ, எ. நாலு இனிஷியலா?"

எனக்கும் பிடிபடவில்லை. மேல் வரியில் 'உபதெசியார்' என்பது தெளிவாக இருந்தது. தே என்பதற்குத் தெ என்றே வெட்டியிருந்தார்கள், மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. அடுத்த வரிக்கு டார்ச்சை நகர்த்தினோம். 'ஈஸ்வர ௵ ஆவணி ௴ ௰௨ ௳' என்று இருந்தது. அந்தக் கடைசிக் குறிகளைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. வருஷம், மாதம், நாள் என்பதற்குப் பழைய பத்திரங்களில் போடும் குறிகள் அவை. எங்கள் வீட்டு நிலப் பத்திரத்திலேயே இருக்கிறது. அப்படியென்றால் மேலே இருப்பது இனிஷியல் இல்லை, தமிழ் எண். க என்பது ஒன்று. அ எட்டு. எ ஏழு. ௧௮௭௭. அதாவது 1877.

1876இல் தொடங்கியது தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை 1878 வரை வாட்டியது. தாதுவுக்கு அடுத்த வருஷம்தான் ஈஸ்வர. ஆவணி பன்னிரண்டு என்றால் ஆகஸ்டு கடைசி. பஞ்சத்தோடு காலராவும் சேர்ந்து அடித்த காலம். அந்த உபதேசியார் அந்த வருஷத்தில் இறந்து, கல்லே இல்லாத அந்தச் சின்ன மேடுகளுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். பிள்ளைகள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவருடைய பேரையும் முழுசாகப் படித்துவிட்டோம். வாரிசுகள் ஊரில் இருப்பதால் இங்கே எழுதவில்லை. மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, அந்த வீட்டுப் பாட்டி செருப்புக்கூடப் போடாமல் எங்களோடு தோட்டத்துக்கு நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு தாளில் தமிழ் எண்களையும் பழைய எழுத்துகளையும் எழுதிக் கொடுத்தேன். ௨ உகரம் போல, ௪ சகரம் போல, ௫ ரு போல, ௬ சு போல, ௯ கூ போல இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை எல்லாம் துதிக்கை தூக்கிய கொம்போடும், ணா, றா, னா மூன்றும் சுழித்த வடிவிலும் இருந்தன. என் அப்பா படித்த பாடப் புத்தகத்தில்கூட அப்படித்தான். இந்தத் தலைமுறைக்கு அது தெரியாது, சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். மார்கழி முடிவதற்குள் வாசித்த கற்கள் 19இலிருந்து 29 ஆயின.

இனி சுண்ணாம்பு. இதற்குத்தான் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தோம். எழுபது தாண்டியவர். சிறு வயதில் சித்தாளாகப் போய்ச் சுண்ணாம்புச் செக்கு ஓட்டியவர். வந்ததும் என் அப்பத்தாவின் கல்லறையைத் தடவிப் பார்த்தார். மாவாகிப்போன செங்கல்லை உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார்.

"உப்பு தம்பி. கரிசல் மண்ணு ஈரத்தைக் கீழருந்து இழுத்துக்கிட்டே இருக்கும். செங்கல்லு அதைக் குடிக்கும். சுண்ணாம்புப் பூச்சா இருந்தா வேர்வை மாதிரி வெளிய விட்ரும். சிமெண்ட்டு மூடிப்புடுச்சு. உள்ளயே நின்னு உப்புப் பூத்து கல்லைத் தின்னுருச்சு."

"அப்ப நான் பூசாமலே விட்டிருக்கலாமா ஐயா?"

"பொரிஞ்சது பூச்சுதான தம்பி. அது பொரியத்தான் செய்யும். அதைச் சுரண்டிட்டு மறுபடி பூசிக்கிட்டா செங்கல்லு நிக்கும்."

பூச்சு தேய்ந்து போனால்தான் செங்கல் பிழைக்கும். பன்னிரண்டு வருஷமாக எனக்கு விளங்காதது அவர் சொன்ன அந்த இரண்டு வரியில் விளங்கியது.

நல்ல கற்சுண்ணாம்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. கடையில் வெள்ளையடிக்க விற்கும் பாக்கெட் தூள் கட்டு வேலைக்கு ஆகாது. அது காற்றுப் பட்டுப் பட்டுச் சத்துப் போனது. மதுரையில் காளவாசல் என்று ஒரு பகுதியே இருக்கிறது. தினமும் பஸ் ஏறி இறங்குகிற இடம். காளவாய் என்றால் சுண்ணாம்பும் செங்கல்லும் சுடும் சூளை. தமிழ் லெக்சிகனில் பார்த்தேன், அந்தச் சொல் இருக்கிறது. அந்த அகராதி வேலை 1913இல் தொடங்கியபோது முதல் பதிப்பாசிரியராக இருந்தவர், இதே மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் பாதிரியார். கொத்தனார் வாயிலிருந்து வரும் சொல்லை அதில் புரட்டும்போது இரண்டு பேரும் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. சுண்ணாம்பைக் கடைசியில் கொத்தனாரே தெரிந்தவர் மூலமாகச் சூளையிலிருந்து கட்டிக் கட்டியாக ஒரு வேன் நிறைய வரவழைத்தார்.

தோட்டத்து மதிலோரம் ஆறடிக்கு நாலடி, மூன்றடி ஆழத்தில் குழி வெட்டி, செங்கல் அடுக்கித் தண்ணீர் நிரப்பினோம். தண்ணீருக்குள்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்புக் குவியல் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கட்டி விழுந்ததும் இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் கொதித்துக் குமுறியது. கண்ணாடி, கையுறை, முழுக்கை சட்டை இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடவில்லை. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். பக்கத்திலேயே இரண்டு குடம் நல்ல தண்ணீர் தயாராக வைத்திருந்தோம். நீற்றிய பாலைச் சல்லடையில் வடித்து, வேகாத கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். டிசம்பர் நடுவில் போட்டதைப் பொங்கல் கழித்துத்தான் திறந்தோம். வெண்ணெய் மாதிரி இருந்தது. கரணையில் எடுத்தால் ஒட்டாமல் வழுக்கியது.

கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்து, கருப்பட்டியோடு தண்ணீரில் பத்து நாள் ஊறப்போட்டோம். புளித்த வாடை வரும். அந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைக்க வேண்டும். கருப்பட்டி சாந்தை இளக்கமாக்கிப் பூச வாகாக வைக்கும், கடுக்காயின் துவர்ப்பு கெட்டிப்படுத்தும் என்பார் கொத்தனார். அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒன்று, செங்கல் தூள் ஒன்று, சலித்த ஆற்று மணல் இரண்டு. மேல்பூச்சுக்குச் செங்கல் தூள் இல்லாமல் சுண்ணாம்பு ஒன்று, பொடி மணல் ஒன்றரை. செங்கல் தூள் சேர்ந்தால் ஈர இடத்திலும் சாந்து இறுகும். எங்களிடம் செக்கு இல்லாததால் கலவையைப் பலகையில் கொட்டி உலக்கையால் இடித்தோம். பிள்ளைகளுக்குக் கையெல்லாம் கொப்புளம்.

சிமெண்டைக் கழற்றுவது தனி வேலை. சம்மட்டியால் ஓங்கி அடித்தால் செங்கல்லும் சேர்ந்து போகும். சின்ன உளியை விளிம்பில் கொடுத்து, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கும் பொய் இடத்தில் நெம்பினால் பலகை பலகையாக வந்தது. அப்பத்தாவின் கல்லறையை நானே கழற்றினேன். வேறு யாரையும் விட மனசில்லை. செத்துப்போன செங்கல்லை எடுத்துவிட்டு, இடிந்த பழைய வீடு ஒன்றிலிருந்து வாங்கிய அதே அளவுச் சன்னச் செங்கல்லை வைத்துக் கட்டினோம்.

முதல் கல்லறையில் பூசிய பூச்சு மூன்றாம் நாளே மயிர்க்கோடு மயிர்க்கோடாக வெடித்தது. செங்கல்லைப் போதுமான அளவு நனைக்கவில்லை. ஒரே தடவையில் முக்கால் அங்குலம் ஏற்றிவிட்டோம். மத்தியான வெயிலில் பூசினோம். மூன்றும் தப்பு. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினோம். முதல் நாள் சாயங்காலமும் அன்று காலையிலும் செங்கல் தண்ணீர் குடித்தது போதும் என்று சொல்லும்வரை நனைத்தோம். மூன்று மூன்று நூல் கனத்தில் (ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம்) மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாலைந்து நாள் இடைவெளி. பூசியதும் நனைத்த சாக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் சாக்கைக் காயவிடாமல் தெளித்துக்கொண்டே இருந்தோம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், நாளும் வேண்டும். சூளையில் அந்த வாயுவை இழந்துவிட்டு வந்த கல், இங்கே அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. சிமெண்ட் மாதிரி ஒரே ராத்திரியில் இறுகிவிடாது.

சாய்ந்த தலைக்கற்கள் பதினொன்று. கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருஷத்துக்கு வருஷம் இப்படி மூச்சு விடும் மண் மேல் எந்தக் கல்லும் நேராக நிற்காது. நாலடி உயரம், இரண்டடி அகலம், நாலு அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகை இருநூறு கிலோ வரும். முக்காலி கட்டி, செயின் பிளாக் மாட்டி, கல்லுக்குச் சாக்கும் பட்டை பெல்ட்டும் சுற்றித்தான் தூக்கினோம். கயிறு விளிம்பை உடைத்துவிடும்.

தோண்டியது தலைமாட்டுக்கு வெளிப்பக்கம் மட்டும். குழி இருக்கும் பக்கம் கடப்பாரை போகக் கூடாது என்பதில் கொத்தனார் கண்டிப்பாக இருந்தார். ஒவ்வொரு தடவையும் தோண்டுவதற்கு முன்னால் அவர் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொள்வார். நாங்கள் ஜெபம் பண்ணுவோம். இரண்டடி ஆழத்துக்குக் கரிசலை அள்ளிவிட்டு, சரளை மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே சுண்ணாம்புச் சாந்துப் படுக்கை போட்டு, தூக்குக்குண்டு பார்த்துக் கல்லை இறக்கினோம். சரளை ஊதாது, தண்ணீரையும் தேக்காது. ஒரு கல்லில் பழைய இரும்புப் பட்டை துருப்பிடித்து உப்பி, கல்லையே இரண்டாகப் பிளந்திருந்தது. அதை நிறுத்தவில்லை. இரண்டு துண்டையும் சாந்துப் படுக்கையில் சேர்த்து, தண்ணீர் வழிய லேசான சாய்வோடு படுக்க வைத்துவிட்டோம்.

மாசி மாதம் ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் கொத்தனார் கேட்டார்.

"தம்பி, இங்கிட்டுப் பூராம் வாத்தியாருக, உபதேசியாருக. எங்க ரோசாப்பூத் துரையும் உங்க வேதந்தான. அவரு மதுரைக் கீழவாசல்ல படுத்திருக்காரு, போயிருக்கீகளா?"

நான் போனதில்லை. ரோசாப்பூத் துரை என்று அவர் சொன்னது ஜார்ஜ் ஜோசப்பை. 1887இல் செங்கன்னூரில் பிறந்து, எடின்பரோவிலும் லண்டனிலும் படித்து, மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்தவர். மதுரை மில் தொழிலாளர்களுக்கு 1918இல் சங்கம் அமைத்தவர். 1924இல் வைக்கத்தில் சிறைக்குப் போனவர். விருதுநகர் வழக்கில் காமராசருக்காக வாதாடியவர். இங்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் அவரை நினைப்பது கைரேகைச் சட்டத்துக்காக. ஒரு சாதியில் பிறந்தவர்கள் என்பதற்காகவே ஆண்களைப் போலீசில் ரேகை பதிய வைத்து, ராத்திரி ஸ்டேஷனில் வந்து படுக்க வைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் அது. 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் உட்பட உயிர் விட்டவர்களின் பெயரை இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்தச் சட்டத்துக்கு எதிராகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் நின்றவர் ஜோசப்.

"எங்க தாத்தா ரேகை வச்சவரு" என்றார் கொத்தனார். "ரோசாப்பூன்னு பேரு வச்ச ஆளுக எங்க ஊருல இருந்தாக."

1938 மார்ச் 5இல் மதுரை அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல். தான் போராடியது முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. மார்ச் 5ஆம் தேதி வேலைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் கொத்தனாரும் நானும் அக்கா மகனும் மதுரைக்கு பஸ் ஏறினோம். கொத்தனார் மாட்டுத்தாவணியில் வாங்கிய ரோசாப்பூ மாலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வேறு மதம், வேறு மொழி பேசும் ஊரில் பிறந்த ஒரு மனிதருடைய கல்லறைக்கு, அவர் பேச்சை ஒரு நாளும் கேட்டிராத ஒருவர் எண்பது வருஷம் கழித்தும் பூ கொண்டு போகிறார். திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை. எனக்குள் எங்கள் ஊர் உபதேசியாரின் கல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் கடைசியில் முதல் கட்ட வேலையை நிறுத்தினோம். அதற்கு மேல் வெயில் சுண்ணாம்புக்கு ஆகாது. 71இல் இதுவரை முடிந்தவை 23 கல்லறைகள், நேராக்கிய தலைக்கற்கள் எட்டு. சிமெண்ட் பூசியதில் இன்னும் மூன்று பாக்கி. வாசித்த 29 கற்களின் வாசகத்தையும், கல்லில் இருக்கிறபடியே பிழை திருத்தாமல், இரண்டு நோட்டில் எழுதி ஒன்றைச் சேகர அலுவலகத்திலும் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் கொடுத்தோம். பஞ்சக்குழி மேடுகளுக்கு எதுவும் கட்டவில்லை. சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் வரிசை மட்டும் வைத்திருக்கிறோம், யாரும் தெரியாமல் மிதித்துவிடாமல் இருக்க.

இனி வருஷாவருஷம் நவம்பர் 2க்கு வெள்ளையடிப்பதும் சுண்ணாம்புப் பாலில்தான் என்று சபையில் தீர்மானம் போட்டாயிற்று. பெயிண்ட் வேண்டாம், டிஸ்டெம்பர் வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பைப் பால் போல் கரைத்து, வடிகட்டி, நனைத்த சுவரில் மெல்லிசாக இரண்டு கை. எழுத்துள்ள கல்லின் மேல் தூரிகை படக் கூடாது.

குழியில் இன்னும் முக்கால்வாசிச் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்க இருக்க அது நயம் கூடும் என்று சொல்லி, போகும்போது கொத்தனார் குழியின் மேல் நாலு பலகைக் கல்லை அடுக்கி மண் போட்டு மூடினார். வாரத்துக்கு ஒரு முறை ஓரத்துக் கல்லை நகர்த்தித் தண்ணீர் மட்டம் பார்த்து ஊற்றுவது அக்கா மகன் பொறுப்பு. இந்த வாரம் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறான்.